பாம் ஊசி: நியாயம் உண்டு, சாட்சி இல்லை

பூச்சிமருந்து குடித்தவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கியதும் அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு கட்டளைகள் பிறக்கும். ஒன்று செவிலியருக்கு: "அட்ரோபின் உடைங்க சிஸ்டர்." மற்றது வாசலில் தவித்து நிற்கும் உறவினருக்கு: "பாம் ஊசி ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிட்டு வாங்க." முதல் மருந்து மலிவு, எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும். இரண்டாவது அதைவிடப் பல மடங்கு விலை. சீட்டைக் கையில் வாங்கிய மச்சான் யாரிடம் கடன் கேட்பது என்று யோசித்துக்கொண்டே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவார். ஊசி வந்து சேர்ந்தால்தான் உயிர் தங்கும் என்று அவர் நம்புகிறார். சீட்டை எழுதிய பயிற்சி மருத்துவரும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறார். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாம் என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வது பிராலிடாக்சைம். ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சுகளுக்கான முறிவு மருந்து. பாலிடால் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேர் பெற்ற பாரத்தியானில் தொடங்கி, இன்றும் வயலில் அடிக்கப்படும் பல பூச்சிக்கொல்லிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் சிதைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. நஞ்சு அந்த நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிதைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் பெருகுகிறது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, மந்தமான நாடித்துடிப்பு, நீர் கோத்த நுரையீரல். கூடவே தசைகள் முதலில் துடிக்கும், பிறகு சோரும். மூச்சை இழுக்கும் தசைகளும் சோர்ந்துவிட்டால் வென்டிலேட்டர்தான் கதி.

அட்ரோபின் நொதியைத் தொடுவதில்லை. பெருகிவிட்ட அசிட்டைல்கோலின் சுரப்பிகளிலும் இதயத்திலும் செயல்படாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். நுரையீரல் காயும், இதயம் வேகம் பிடிக்கும், ஆனால் தசைச்சோர்வு அப்படியே இருக்கும். பாமின் வாக்குறுதி இந்த இடத்தில்தான் வருகிறது. ஒட்டிக்கொண்ட நஞ்சைப் பிய்த்தெடுத்து நொதியை மீட்கும், அதனால் தசையும் மீளும் என்பது அதன் வாதம். 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இர்வின் வில்சனும் அவருடைய சகாவும் இந்த மூலக்கூறைக் கண்டடைந்தபோது, நொதியின் வடிவத்தை முன்கூட்டி ஊகித்து, அதற்குப் பொருந்தும்படி வடிவமைத்திருந்தார்கள். மருந்தியலில் அழகான சிந்தனைகளின் பட்டியல் ஒன்று போட்டால் இதற்குக் கட்டாயம் இடமுண்டு. சில வருடங்களிலேயே ஜப்பானில் பாரத்தியான் நஞ்சேறியவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தேறினார்கள். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

தேறினார்கள் என்பதும் பாமால் தேறினார்கள் என்பதும் ஒன்றல்ல. பாமைப் பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே இந்த மருந்து பல பத்தாண்டுகள் ஓடியது. ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி எழுந்ததும் அதற்கான வேலை நடந்ததும் இந்த நஞ்சால் நாள்தோறும் ஆட்கள் வந்து விழும் நம் பக்கத்து மருத்துவமனைகளில்தான். பணக்கார நாடுகளின் மருத்துவத்துக்கு இது அரிதான நோய். வேலூருக்கும் அனுராதபுரத்துக்கும் அன்றாடம்.

முதல் கற்களில் ஒன்றை எறிந்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. 1990-களின் நடுவில் அங்கே நடந்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளில், ஒன்றில் ஒரு கிராம் ஒரே ஊசியாகப் போட்டதை 12 கிராம் தொடர்சொட்டோடு ஒப்பிட்டார்கள். இன்னொன்றில் 12 கிராமை வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் அதிகம் பெற்றவர்கள் மேலாகத் தேறவில்லை. வென்டிலேட்டருக்குப் போனவர்களும் இறந்தவர்களும் அந்தப் பக்கமே கூடுதல். பாம் ஆதரவாளர்களின் மறுமொழி உடனே வந்தது: 12 கிராமை மூன்று நான்கு நாட்களில் பரப்பிக் கொடுத்தால் ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறாது, தொடக்கத்தில் ஒரு பெரிய அளவும் போடவில்லை, குறைவாகக் கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள். இதில் பாதி நியாயம். போதாத அளவு பலன் தராது என்பது சரி. ஆனால் போதாத அளவு தீங்கு ஏன் செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியை யாரும் நேராகத் தொடவில்லை.

2006-இல் லான்செட் இதழில் வந்த பாராமதி ஆய்வு ஆதரவாளர்களின் பெரிய ஆயுதம். புனே மாவட்டத்துச் சிறு நகரம் அது. 200 நோயாளிகள். எல்லோருக்கும் முதலில் 2 கிராம். அதன் பிறகு 48 மணி நேரத்துக்கு ஒரு பாதிக்கு மணிக்கு ஒரு கிராம் இடைவிடாமல், மறுபாதிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிராம். இடைவிடாமல் பெற்ற 100 பேரில் ஒருவர் இறந்தார், மற்ற 100 பேரில் எட்டுப் பேர். மூச்சுக்குழாய் செருக வேண்டி வந்தது 64 சதவீதத்துக்கு, எதிர்த்தரப்பில் 88. முதல் நாளில் தேவைப்பட்ட அட்ரோபினின் இடைநிலை அளவு 6 மில்லிகிராம், எதிர்த்தரப்பில் 30. பார்த்ததும் வாயடைக்கும் எண்கள்தான்.

ஆனால் நின்று பார்க்க வேண்டும். பாமே பெறாத ஒரு குழு இதில் இல்லை. ஆகவே இது அதிகமா, குறைவா என்ற கேள்விக்கு விடை. கொடுக்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியை அது தொடவில்லை. யாருக்கு எது போகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும், மறைப்பு கிடையாது. அட்ரோபின் எவ்வளவு போடுவது, குழாய் எப்போது செருகுவது என்பதெல்லாம் கட்டிலருகே நிற்பவரின் தீர்ப்பைச் சார்ந்த விஷயங்கள், எந்தக் குழு என்று தெரிந்துவிட்டால் தீர்ப்பும் தெரியாமலே சாயும். இறப்பு அப்படிச் சாயாது, உண்மை. ஆனால் அங்கே வித்தியாசம் ஏழு பேர். நோயாளிகளும் மிதமான நஞ்சேற்றம் உள்ளவர்கள், குடித்துச் சீக்கிரமே வந்து சேர்ந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணுக்குக் கண்ணாய்ப் பார்க்கப்பட்டவர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் இரவுப் பணியில் அந்த மூன்றும் ஒன்றாகக் கூடி வருவது அபூர்வம்.

இனி இலங்கை. அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கேள்விக்குக் கிடைத்த சாட்சிகளில் என் பார்வையில் ஆகச் சிறந்தது. 235 பேர். ஒரு பக்கம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவை ஒட்டி 2 கிராம், பிறகு மணிக்கு அரை கிராம். மறுபக்கம் உப்புநீர். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. பாம் பெற்ற 121 பேரில் 30 பேர் இறந்தார்கள், உப்புநீர் பெற்ற 114 பேரில் 18 பேர். சரிக்கட்டிப் பார்த்தால் இறப்பு அபாய விகிதம் 1.69. அதன் நம்பக எல்லை 0.88 முதல் 3.26 வரை விரிகிறது. சிறு நன்மையிலிருந்து மூன்று மடங்கு தீமை வரை எதுவும் உண்மையாக இருக்கலாம் என்று பொருள். ஆகவே பாம் கொல்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, சிலர் மேடையில் சொல்வதுண்டு, அது தவறு. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே ஆய்வு நின்றுபோனது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இறப்புக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு அளவுகள். குழாய் செருக வேண்டி வந்தவர்கள்: பாம் பக்கம் 121-இல் 26, உப்புநீர் பக்கம் 114-இல் 24. இரண்டும் 21 சதவீதம்தான். அட்ரோபின் செய்ய முடியாத ஒன்றைச் செய்வேன், தசைச்சோர்வைத் தடுப்பேன் என்பதே பாமின் தனி வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நேரடியாக அளக்கும் இடத்தில் வித்தியாசம் பூஜ்யம். அதே நேரம், ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள நொதியை அளந்து பார்த்தபோது பாம் அதைப் பலரில் மீட்டிருந்தது! மருந்து சொன்ன வேலையைச் செய்தது. நொதி எழுந்தது. நோயாளி எழவில்லை.

அவசர மருத்துவம் இதை ஒருமுறை கசப்பாகப் படித்திருக்கிறது. மாரடைப்புக்குப் பின் வரும் ஒழுங்கற்ற துடிப்பை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி என்கெய்னைட், ஃபிளெகெய்னைட் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். காஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. துடிப்பு ஒழுங்கானது, மரணம் கூடியது, 1989-இல் அந்த இரு மருந்துகளையும் பாதியில் நிறுத்தினார்கள். ஈ.சி.ஜி. தாளில் அழகாகத் தெரிவதும் ஆய்வகச் சீட்டில் ஏறுகிற எண்ணும் சிகிச்சையின் பயன் ஆகிவிடாது. நம் ஊர் வார்டுகளில் தினமும் கோலினெஸ்டரேஸ் அனுப்பி, எண் ஏறுகிறதா என்று பார்த்து பாமை நீட்டிக்கும் வழக்கம் இன்னும் மோசம். அங்கே பெரும்பாலும் அளக்கப்படுவது பிளாஸ்மாவில் உள்ள வேறொரு நொதி. நஞ்சு உள்ளே போனதா என்று அது சொல்லும், நரம்பு முனை மீண்டதா என்று சொல்லாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காலம் ஒரு காரணம். நொதியில் ஒட்டிய நஞ்சு, காயவைத்த பசை மாதிரி, நேரம் ஆக ஆக இறுகும். இறுகிவிட்டால் எந்த மருந்தாலும் பிய்க்க முடியாது. டைமெத்தில் வகை நஞ்சுகளில் பாதி நொதி இறுக ஏறத்தாழ 3.7 மணி நேரம். டையெத்தில் வகையில் 33 மணி நேரம். ஏறத்தாழ ஒன்பது மடங்கு வித்தியாசம்! ஆர்கனோபாஸ்பரஸ் என்று ஒரே பெட்டியில் அடைத்து, ஒரே சீட்டில் ஒரே மருந்து எழுதுகிறோம், உள்ளே இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. புரொபெனோபாஸ் போன்ற சில இந்த இரண்டிலும் சேராமல் இன்னும் முரண்டு பிடிக்கும். கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து தாலுகா, அங்கிருந்து தலைமை மருத்துவமனை என்று மாறி வருபவருக்கு முதல் ஊசி போடும்போதே டைமெத்தில் வகையில் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இரண்டாவது காரணம், குடித்த அளவு அதிகமென்றால் பாம் மீட்ட நொதியை ரத்தத்தில் சுற்றும் மிச்ச நஞ்சு மறுபடி பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, பாட்டிலில் நஞ்சு மட்டும் இல்லை. அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான்களும் ரத்த அழுத்தத்தைக் குலைக்கக்கூடியவை, பாமுக்கு அவற்றின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது.

இலங்கை ஆய்வை மறுப்பவர்கள் அளவைக் காட்டுவார்கள்: பாராமதியில் மணிக்கு ஒரு கிராம், அங்கே அரை கிராம், பாதி கொடுத்தால் பலன் எப்படி வரும்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாராமதியில் போட்டது அயோடைடு உப்பு, இலங்கையில் போட்டது குளோரைடு. அயோடின் கனமான அணு, ஆகவே ஒரு கிராம் அயோடைடில் இருக்கும் பாம், சுமார் 0.65 கிராம் குளோரைடுக்குச் சமம். 0.65-க்கும் 0.5-க்கும் உள்ள தூரம், ஒன்றுக்கும் எட்டுக்கும் உள்ள இறப்பு வித்தியாசத்தைச் சுமக்காது. தொடக்க 2 கிராமில் இலங்கை நோயாளிகள் பெற்றதே கூடுதல். டோக்கியோ சுரங்க ரயில் சாரின் தாக்குதலில் பாம் கொடுத்தார்களே என்று இன்னொரு வாதம் வரும். 1995-இல் கொடுத்தது உண்மை. ஒப்பீட்டுக் குழு இல்லை, நஞ்சும் வேறு, மூச்சில் இழுத்ததற்கும் கோப்பையில் குடித்ததற்கும் அளவு வேறு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. 2011-இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடும் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அடுத்த தட்டில் அட்ரோபினை வையுங்கள், எடை எங்கே சாய்கிறது என்று தெரியும்.

நம் ஊரில் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஆம்பூலாக வரும். 2004-இல் எடில்ஸ்டன் குழு, அட்ரோபினை எப்படிப் போடுவது என்று பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் இருந்த 30-க்கும் மேற்பட்ட வழிமுறைகளை எடுத்து ஒரு கணக்குப் போட்டது. தங்கள் நோயாளிகளுக்குச் சராசரியாகத் தேவைப்பட்ட 23.4 மில்லிகிராமை ஒவ்வொரு வழியிலும் கொடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வழியில் 8 நிமிடம். இன்னொன்றில் 1380 நிமிடம், அதாவது 23 மணி நேரம். இரண்டும் அச்சில் இருந்தவை. நுரையீரலில் நீர் கோத்துக் கிடப்பவருக்கு 23 மணி நேரம் என்பது சிகிச்சையே அல்ல.

23.4 மில்லிகிராம் என்றால் 39 ஆம்பூல். இரண்டிரண்டாகக் கால் மணிக்கு ஒருமுறை உடைத்துப் போட்டால் ஐந்து மணி நேரம் நெருங்கும். மாறாக, மூன்று ஆம்பூலில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, மாற்றமில்லை என்றால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது என்று வையுங்கள். மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு: பதினைந்தாவது நிமிடத்தில் 27 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். அங்கே நிற்கும் செவிலியர் இதற்குள் 45 கண்ணாடிக் கழுத்துகளை உடைத்திருக்க வேண்டும். ஒருவரால் ஆகாது, இருவர் உடைக்க ஒருவர் ஏற்ற வேண்டும். விரல் கிழியும். டிராலியில் ஐந்து ஆம்பூலும், மீதி பூட்டிய அறையிலும், சாவி மாத்திரைக் கவுன்ட்டரிலும் இருந்தால் எந்த வழிமுறையும் பயன்படாது. தீவிர சிகிச்சையின் மருந்து முடிவுகளில் பாதி இப்படிக் கிட்டங்கிக் கணக்கில்தான் தீர்மானமாகிறது.

வேகத்துக்குச் சாட்சி இருக்கிறதா? வங்கதேசத்தின் சிட்டகாங்கில் 156 பேரை வைத்து நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு. வழக்கமான முறையில் விட்டு விட்டுப் போட்டவர்களில் 80-க்கு 18 பேர் இறந்தார்கள். இரட்டிப்பாக்கி ஏற்றி, பிறகு தொடர்சொட்டில் விட்டவர்களில் 75-க்கு 6 பேர். நுரையீரல் காய்ந்து நாடி தேறிய நிலையை எட்டச் சராசரியாக முதல் குழுவுக்கு 152 நிமிடம், இரண்டாவது குழுவுக்கு 24. அட்ரோபின் அதிகமாகிப் பிதற்றுவது, காய்ச்சல் வருவது போன்ற கோளாறுகளும் இரண்டாவது குழுவில்தான் குறைவு. வேகமாகக் கொடுத்தால் நஞ்சாகும் என்ற பயத்தை இந்த ஒரு முடிவு தலைகீழாக்குகிறது. இதுவும் மறைப்பில்லாத, ஒரே மருத்துவமனை ஆய்வு, பாராமதிக்குச் சொன்ன குறைகளில் சில இதற்கும் பொருந்தும். ஆனால் இங்கே மாறியது விலைமிக்க மருந்தல்ல, கையிலிருக்கும் மருந்தைக் கொடுக்கும் வேகம். நுரையீரல் காய்வதைக் காதால் கேட்கலாம். அதனால் இதை ஏற்கக் குறைந்த சாட்சியே போதும் என்பேன்.

ஆனால் கண்மூடித்தனமாக ஏற்றிக்கொண்டே போவதும் ஆகாது. நெஞ்சு தெளிந்ததா, நாடி 80-க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேலா, அக்குள் உலர்ந்ததா என்று பார்த்து நிறுத்த வேண்டும். கண்மணி விரியக் காத்திருப்பது வீண், அது கடைசியில்தான் விரியும். நிறுத்தத் தெரியாத வார்டுகளில் ஏப்ரல் மாத வெக்கையில் மின்விசிறி சுற்றாத மூலையில் கிடக்கும் நோயாளி, வியர்க்கவும் முடியாமல் உடல் கொதித்து, கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கி எறிவார். உறவினர்கள் அதை விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைப்பார்கள். ஏறியது பெரும்பாலும் அட்ரோபின்.

என் தீர்ப்பு இது. பூச்சிமருந்து குடித்து வரும் எல்லோருக்கும் வழக்கமாக பாம் எழுதுவதை நிறுத்தலாம். அதை எழுதாத மருத்துவர் கடமை தவறியவர் அல்ல, கேஸ் ஷீட்டில் "பாம் ஏன் இல்லை" என்று கேட்கும் மேலதிகாரியும் நுகர்வோர் நீதிமன்றமும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். பயத்தால் எழுதப்படும் ஊசிகள் இதில் கணிசம் என்பது துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். வாங்கி வரச் சொல்லி உறவினரை ஓட விடுவது எந்த நிலையிலும் நியாயமில்லை. நிரூபணமாகாத மருந்துக்காகத் தாலியை அடகு வைக்கச் சொல்வதற்குச் சமம் அது. ஒரு சிறு கதவை மட்டும் திறந்து வைப்பேன்: சில மணி நேரத்துக்குள் வந்தவர், பாட்டில் கையோடு வந்து டையெத்தில் வகை என்று தெரிந்தவர், மிதமான நஞ்சேற்றம், ஐ.சி.யூ. படுக்கை உண்டு, மருந்து மருத்துவமனையிலேயே உண்டு. அப்போது, அட்ரோபினும் ஆக்சிஜனும் குழாயும் முடிந்த பிறகு, தொடக்க அளவை அரை மணி நேரத்தில் மெதுவாக ஏற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். வேகமாகத் தள்ளினால் இதயமே நிற்கக்கூடும். மெக்னீசியம், சோடா பைகார்பனேட், பிளாஸ்மா எல்லாம் பாமைவிடவும் மெல்லிய சாட்சிகளோடு நிற்பவை, அவற்றுக்குத் தனி விசாரணை தேவையில்லை.

இந்த விவாதத்தில் மறக்கப்படுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சண்டையில் கண நேர ஆத்திரத்தில் குடித்தவர்கள் இவர்களில் மிகப் பலர். பிழைத்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அதைச் செய்வதில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் எட்டாவது நாள் பாமைவிட மதிப்புள்ளது. இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்ததும் இங்கே நினைவிருக்கட்டும். எந்த ஊசியும் அதில் பாதியைச் செய்ததில்லை.

மிச்சமிருப்பது நடத்தப்படாத ஓர் ஆய்வு. சீக்கிரம் வந்தவர்களை மட்டும் எடுத்து, நஞ்சின் வகையை ஆய்வகத்தில் உறுதிசெய்து, அட்ரோபினை இரு குழுவுக்கும் ஒரே வேகத்தில் ஏற்றி, பாராமதி அளவு பாமை உப்புநீரோடு யாருக்கும் தெரியாமல் ஒப்பிட வேண்டும். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் நாலைந்து சேர்ந்தால் முடியும். முறிவு மருந்தை மறுத்து உப்புநீர் போடுவதா என்று நெறிமுறைக் குழுவில் முதல் கை உயரும். அவர்கள் மேசையில் வைக்க வேண்டிய தாள் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது: பாம் பெற்ற 121-இல் 30, பெறாத 114-இல் 18.